திருகோணமலையில் இரண்டு அறை வீடு வாடகைக்கு எடுக்கும் முன்

இடமாற்றம் கிடைத்தோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ, புது வேலைக்காகவோ திருகோணமலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் குடும்பமாக வந்து வீடு தேடியபோது எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. யாரைக் கேட்டாலும் வாடகையைத்தான் சொன்னார்கள். ஆனால் இந்த ஊரில் ஒரு வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை வாடகையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அட்வான்ஸ் எந்த மாதிரி, மின்சார மீட்டர் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சுற்றுலா சீசனில் உங்களை வீட்டை விட்டு எழுப்புவார்களா என்ற நாலு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் வாடகைத் தொகைக்கு ஒரு அர்த்தம் வரும்.

இரண்டு அறை, ஹோல், குசினி, பாத்ரூம் உள்ள சாதாரண குடும்ப வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, தேடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்த மாதத்தில் தேடுவது

முடிந்தால் ஒக்டோபர், நவம்பரில் தேடுங்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு.

கிழக்குக் கரையில் சுற்றுலா சீசன் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி செப்டெம்பர் வரை போகும். அந்த நேரத்தில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு மாத வாடகையில் ஆர்வம் குறைவு. நாள் வாடகைக்கு விட்டால் சில கிழமைகளிலேயே உங்கள் மாதக் கணக்கைத் தாண்டி உழைத்துவிடுவார்கள். சீசன் முடிந்ததும் அதே வீடு வெறுமனே கிடக்கும். அப்போது போய்க் கேட்டால் பேச இடம் இருக்கும்.

இரண்டாவது காரணம் மழை. எங்கள் மழைக்காலம் ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை இருக்கும். ஒழுகுகிற கூரை, தண்ணீர் தேங்கும் முற்றம், ஈரம் ஏறும் சுவர் எல்லாம் அப்போது தாமாகவே வெளியே வந்துவிடும். ஜூலை மாதத்தில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

டிசம்பரின் பிற்பாதியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அரச உத்தியோகத்தர்களின் வருடாந்த இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருவதால், மாகாணத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து வருகிற எல்லாரும் ஒரே இரண்டு கிழமைக்குள் வீடு தேடுவார்கள். இடமாற்றக் கடிதம் கையில் கிடைக்கும்வரை காத்திருக்காமல், பட்டியலில் பெயர் வந்தவுடனேயே விசாரிக்கத் தொடங்குங்கள். கடிதம் தாமதமானால் முதல் மாதத்துக்கு ஒரு அறை எடுத்துத் தங்கி, நிதானமாக வீடு பார்ப்பது நல்லது. அவசரத்தில் இருப்பவரைத் தரகர்களும் வீட்டுக்காரர்களும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

2. கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

கணக்கு விளங்குவதற்காக மாத வாடகை 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டால் 240,000. தரகர் மூலம் எடுத்தால் அவருக்கு ஒரு மாத வாடகை, 40,000. முதல் மாத வாடகை இன்னொரு 40,000. சாமான் ஏற்றும் முன்பே 320,000 ரூபா போய்விட்டது. இதற்கு மேல் ஒப்பந்தம் எழுதுகிற நொத்தாரிசின் கட்டணம், முத்திரைத் தீர்வை, லொறிக் கூலி, தண்ணீர்த் தாங்கி கழுவுகிற கூலி, பல்ப், பூட்டு என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. அப்படியானால் முதல் தொகையே 480,000.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ‘ஆறு மாத அட்வான்ஸ்’ என்று சொன்னால் அதில் மூன்று விதம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு விதத்தை நினைத்துச் சொல்ல, நீங்கள் வேறு விதமாக விளங்கிக்கொண்டு தலையாட்டிவிடுவீர்கள்.

முதல் விதம், திருப்பித் தருகிற அட்வான்ஸ். 240,000 அவரிடம் இருக்கும், நீங்கள் மாதம் 40,000 கட்டிக்கொண்டே இருப்பீர்கள், வீட்டை விடும்போது வட்டி இல்லாமல் அந்தக் காசு திரும்பி வரும்.

இரண்டாவது, முழுதாகக் கழிகிற அட்வான்ஸ். முதல் ஆறு மாதம் வாடகை கட்ட வேண்டியதில்லை, ஏழாம் மாதத்திலிருந்து மாதம் 40,000. திரும்பி வர எதுவும் இல்லை.

மூன்றாவது, பாதி கழிகிற அட்வான்ஸ். மாதம் 20,000 அட்வான்ஸிலிருந்து கழியும், 20,000 கையில் கட்டுவீர்கள். 12 மாதத்தில் அட்வான்ஸ் சரியாக முடிந்துவிடும்.

வருடக் கடைசியில் மூன்றிலும் வாடகையாகப் போனது 480,000 தான். வித்தியாசம் எங்கே என்றால், முதல் விதத்தில் உங்கள் 240,000 கடைசி நாள்வரை அடுத்தவர் கையில் இருக்கிறது. அந்தக் காசை வீட்டுக்காரர் வங்கியில் போட்டு வைத்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். மதில் கட்டுவார், மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவார், கடன் அடைப்பார். நீங்கள் விடும்போது, ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தந்தவுடனே தாறன்’ என்பார். அவர் கெட்டவர் என்பதால் அப்படிச் சொல்வதில்லை, கையில் காசு இல்லாததால்தான் சொல்கிறார். உங்களுக்கோ புது ஊரில் இன்னொரு வீட்டுக்காரர் அட்வான்ஸுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது விதத்தில் வீட்டுக்காரருக்குப் பயம் வரும், முதல் ஆறு மாதம் அவருக்கு ஒரு வருமானமும் இல்லை. அதனால் மூன்றாவது விதத்தைக் கேட்டுப் பேசிப் பாருங்கள். மாதாமாதம் அவருக்கும் கையில் காசு வரும், உங்கள் காசும் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். இடையில் வீட்டை விட நேர்ந்தாலும் சிக்கிக்கொள்ளும் தொகை சிறியது. வீட்டுக்காரர் முதல் விதத்திலேயே நின்றால் அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எதுவானாலும் காசை வங்கி மூலம் அனுப்புங்கள், குறிப்பில் ‘வாடகை முற்பணம்’ என்று போடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் அடையாள அட்டை இலக்கத்தோடு பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள்.

3. எந்தப் பக்கம்

நகரின் நடுப்பகுதி, அதாவது பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி, டைக் வீதி, திருஞானசம்பந்தர் வீதி சார்ந்த பகுதி, பிள்ளைகள் படிக்கிற குடும்பங்களுக்கு வசதி. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளும் பின்னேர ரியூசன்களும் கிட்டவே இருக்கின்றன. ஆனால் வீடுகள் நெருக்கம், வாகனம் நிறுத்த இடம் குறைவு, வாடகை அதிகம். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள்ளும் உலாவும். பூமரம் வளர்க்கிறவர்கள் படலை ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரவோடு இரவாக மேய்ந்துவிடும்.

உவர்மலை உயரமான பகுதி, அமைதியானது. மாகாண அலுவலகங்கள் பல அங்கேயும் வரோதயநகரிலும் இருப்பதால் உத்தியோகத்தர்கள் முதலில் தேடுவது அந்தப் பக்கம்தான். வெள்ளம் தேங்கும் தொல்லை குறைவு. தண்ணீர் அழுத்தத்தை மட்டும் நன்றாகச் சோதித்துப் பாருங்கள்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி வீதிப் பக்கம் கடற்காற்றும் இடவசதியும் உண்டு. சீசன் பிரச்சினையும் அங்கேதான் அதிகம். நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருப்பதால் மாணவர்களும் விரிவுரையாளர்களும் அந்த வீதியில் வீடு தேடுவார்கள். அங்கே இடம் சொல்வது கட்டைக் கணக்கில்தான். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று சொன்னால் அது நகரிலிருந்து எத்தனையாவது மைல்கல் என்று விளங்கிக்கொள்ளுங்கள். கட்டை கூடக்கூட வாடகை இறங்கும், பெற்றோல் செலவு ஏறும்.

லிங்கநகர், பாலையூற்று, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் போன்ற இடங்களில் அதே காசுக்குக் கொஞ்சம் பெரிய வீடு கிடைக்கும். சீனக்குடாப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கண்டி வீதி சார்ந்த இடங்கள் நல்லது. மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் இரவு ஏழு மணிக்குப் பிறகு பஸ் இருக்கிறதா என்பதை அந்த இடத்துக் கடையில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

4. யாரிடம் கேட்பது

இக்மன் போன்ற தளங்களிலும் முகநூல் குழுக்களிலும் விளம்பரம் வரும். நல்ல வீடுகள் பெரும்பாலும் அங்கே வருவதற்கு முன்பே போய்விடும். உங்கள் அலுவலகத்தில் இடமாற்றம் பெற்றுப் போகிறவர் யார், அவர் இருக்கிற வீடு என்னவாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள். அதை விட நல்ல வழி இல்லை. அடுத்தது நீங்கள் விரும்புகிற ஒழுங்கையில் இருக்கும் பலசரக்குக் கடை, முச்சக்கரவண்டித் தரிப்பிடம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள். ‘அண்ணை, குடும்பத்துக்கு ரெண்டு அறை வீடு தேடுறம்’ என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தால் தேடி எடுத்துச் சொல்வார்கள்.

தரகரிடம் போனால், கொமிசன் எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்பதை வீடு பார்க்கப் போகும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு மாத வாடகை கேட்பார்கள், அரை மாதத்துக்கு இறங்குகிறவர்களும் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கொடுப்போம் என்று சொல்லுங்கள். வீடு காட்டுவதற்கென்று தனியாகக் காசு கேட்டால் அவரை விட்டுவிடுங்கள். வீட்டைப் பார்க்காமல் ‘ஆள் வருது, இப்பவே அட்வான்ஸ் போடுங்கோ’ என்று தொலைபேசியில் அவசரப்படுத்துகிற எவருக்கும் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். படத்தில் இருக்கும் வீடு அவருடையதாக இருக்காது.

வீட்டுக்காரர் வைக்கும் கட்டுப்பாடுகளையும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுவது நல்லது. மாட்டிறைச்சி சமைக்கக்கூடாது, நாய் வளர்க்கக்கூடாது, குடும்பத்துக்கு மட்டும்தான், தனியாக இருக்கும் ஆண்களுக்கு இல்லை, இரவில் படலை பூட்டுவோம் என்று பலவிதம் உண்டு. எல்லாச் சமூகமும் கலந்து வாழ்கிற ஊர் இது, அவரவர் வீட்டுக்கு அவரவர் வழக்கம். உங்களுக்குப் பொருந்தாவிட்டால் அப்போதே சொல்லி விலகுவதில் இரு பக்கமும் மனத்தாங்கல் இல்லை.

5. வீடு பார்க்கப் போகும்போது

ஒரு வீட்டை இரண்டு தடவை பாருங்கள், ஒரு தடவை பிற்பகல் இரண்டு மணிக்கு. கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் போட்டுச் சீலிங் அடிக்காத வீடு என்றால் அந்த நேரத்தில் உள்ளே நிற்க முடியாது. மே மாதத்திலிருந்து கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கும்போது வெக்கை இன்னும் கூடும். ஓட்டு வீடு அதை விட நல்லது. மேலே கொங்கிறீற் தட்டு போட்ட மேல்மாடி வீட்டில் பகல் முழுக்க ஏறிய சூடு இரவில் இறங்கும். குளிரூட்டி இல்லாமல் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், அது மின்சாரக் கணக்கில் போய் நிற்கும்.

அடுத்த தடவை மாலை ஆறரைக்குப் போங்கள். குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, அயலில் என்ன சத்தம், ஒழுங்கையில் தெருவிளக்கு எரிகிறதா என்று தெரியும்.

தண்ணீர். நகருக்குக் குழாய் நீர் கந்தளாயிலிருந்து வருகிறது. இணைப்பு இருக்கிறது என்று சொன்னால் போதாது, குசினிக் குழாயையும் பாத்ரூம் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். மேலே தாங்கி இருக்கிறதா, எத்தனை லீற்றர், மோட்டர் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்று கேளுங்கள். கிணறு மட்டும் உள்ள வீடு என்றால் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துச் சென்று தேநீர் போட்டுக் குடித்துப் பாருங்கள். கடற்கரையை அண்டிய இடங்களில் பல கிணறுகள் உவர். சவர்க்காரம் நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளைப் படை படிந்திருக்கும், கேத்தலின் அடி சில கிழமையிலேயே வெளுக்கும். குடிக்கத் தண்ணீர் தனியாக வாங்க வேண்டி வந்தால் அதையும் மாதச் செலவில் சேருங்கள். மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பார்க்கத் தவறாதீர்கள்.

மின்சாரம். கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘கரண்ட் மீட்டர் தனியோ?’ என்பதுதான். எங்கள் மின்கட்டணம் படிமுறையில் ஏறுவது. வீட்டுப் பாவனைக்கு 30, 60, 90, 120, 180 என்று அலகுப் படிகள் இருக்கின்றன, மேலே போகப் போக ஒரு அலகின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். நீங்கள் மட்டும் 80 அலகு பாவித்தால் நடுப்படியில் நிற்பீர்கள். கீழே வீட்டுக்காரர் 120 அலகு பாவித்து, இரண்டும் ஒரே மீட்டரில் ஓடினால் மொத்தம் 200, உச்சப் படி. அதைப் பாதிபாதியாகப் பிரித்தால் நீங்கள் பாவிக்காத அலகுக்கும், கூடின விலையிலும் கட்டுகிறீர்கள். உங்கள் பாவனையை மட்டும் அளக்கிற சப் மீட்டர் போட்டிருந்தாலும் அலகுக்கு எந்த விலை என்பது பேச்சுக்குரியது. மொத்தப் பில்லை மொத்த அலகால் வகுத்து வரும் சராசரி விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டம் இல்லை.

கடந்த மூன்று மாதப் பில்லை வாங்கிப் பாருங்கள். நிலுவை இருக்கிறதா என்று தெரியும். அதோடு இணைப்பு எந்த வகையில் பதியப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். வீட்டுப் பாவனை, பொது நோக்கம், ஹோட்டல் என்று வகைகள் உண்டு. முன்பு விருந்தினர் விடுதியாக ஓடிய வீடு என்றால் இணைப்பு இன்னும் அந்த வகையிலேயே கிடக்கலாம். உப்புவெளிப் பக்கம் வீடு எடுக்கிறவர்கள் இதை விடாமல் பாருங்கள். தண்ணீர்ப் பில்லிலும் அதே போல வீட்டுப் பாவனையா வர்த்தகமா என்று இருக்கும்.

கறள். கடற்காற்று இங்கே எல்லா இரும்பையும் தின்னும். யன்னல் கம்பி, பிணைச்சல், படலை, மின்விசிறிக் கொழுக்கி எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். விசிறிக் கொழுக்கி கறள் பிடித்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், கீழே தூங்குவது உங்கள் பிள்ளை. கொங்கிறீற் தட்டில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிற வீட்டை எடுக்காதீர்கள். வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் கம்பி போகிற வழியில் நீளமாக வெடிப்புத் தெரியும்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீடு என்றால், ‘ஒரு அறையில எங்கட சாமான் கொஞ்சம் இருக்கு, அதைப் பூட்டி வைப்பம்’ என்பார்கள். இரண்டு அறை வீட்டில் ஒன்றைப் பூட்டினால் நீங்கள் எடுப்பது ஒரு அறை வீடு. ஒன்றில் சாமானை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

6. வாடகைக்குத் தருபவருக்கு உரிமை இருக்கிறதா

கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் லட்சக்கணக்கில் காசு கொடுக்கும் முன் கேட்கத்தான் வேண்டும். காணி உறுதியின் பிரதி, உள்ளூராட்சி சபைக்குக் கட்டுகிற சோலைவரியின் பற்றுச்சீட்டு, வீட்டுக்காரரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, மின்சாரப் பில் ஆகிய நாலிலும் உள்ள பெயரும் முகவரியும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, தகப்பன் பெயரில் இருக்கும், சீதனமாகக் கொடுத்து மாற்றாமல் விட்டிருப்பார்கள். காரணத்தை ஆவணத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து, இங்கே தம்பியோ மாமாவோ பார்த்துக்கொண்டிருந்தால், அவர் கையில் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் ஆவணம், இருக்க வேண்டும். அதில் வாடகைக்கு விடவும் காசு வாங்கவும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ‘அண்ணன் வட்ஸ்அப்பில சொன்னவர்’ என்பது போதாது. சொந்தக்காரரோடு ஒரு தடவை வீடியோவில் பேசியும் விடுங்கள்.

காணி அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்றும் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் இது நிறைய. பெர்மிட் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதில் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால் நொத்தாரிசு ஒப்பந்தம் எழுதத் தயங்குவார். வீடு வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருந்தால் அதையும் கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சட்டத்தரணியிடம் சொன்னால் செய்து தருவார்.

7. ஒப்பந்தம்

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் சரி என்று பலர் சொல்வார்கள். சரியில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வெள்ளைத்தாளை நம்பி ஒரு வருடம் என்று இருந்தால், ‘அடுத்த மாதம் எழும்புங்கோ’ என்று சொல்லும்போது காட்ட உங்களிடம் பலமான ஒன்றும் இருக்காது. ஆசிரியை ஒருவர் மார்ச் மாதத்தில் இப்படிப் பிள்ளைகளோடு வீடு மாறியதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். சீசன் வருகிறது என்பதைத் தவிர அவரை எழுப்ப வேறு காரணம் இருக்கவில்லை.

நொத்தாரிசிடம் போகும்போது இரு பக்கத்தாரின் அடையாள அட்டை, உறுதிப் பிரதி, அற்றோணி இருந்தால் அது, சாட்சிகள் இருவரின் அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முத்திரைத் தீர்வை மொத்த வாடகைத் தொகையில் ஒரு வீதமாகக் கணக்கிடப்படும். தீர்வை எவ்வளவு, அவருடைய கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, யார் கட்டுவது என்பதை வீட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசுங்கள். பாதிபாதி என்று கேட்பது நியாயமானது. தீர்வையைக் குறைக்க வாடகையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாளைக்கு அட்வான்ஸ் பிரச்சினை வந்தால் எழுதிய தொகைதான் நிற்கும்.

ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஊரில் தமிழில் எழுதுகிற நொத்தாரிசுகளுக்குக் குறைவில்லை. கையெழுத்து நாளுக்கு முதல் நாளே வரைவை வாங்கி வீட்டில் வைத்து வாசியுங்கள்.

அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

அட்வான்ஸ் மேலே சொன்ன மூன்றில் எந்த விதம், திருப்பித் தருவதென்றால் சாவி கொடுத்து எத்தனை நாளுக்குள் என்பது.

காலம் தொடங்கும் திகதி, முடியும் திகதி. அதற்குள் வீட்டுக்காரர் எழுப்ப முடியாது என்ற வரி. நாள் வாடகைக்கு விடுவதற்காக இடையில் மீளக் கேட்க முடியாது என்று சொல்லாகவே எழுதிவிடுங்கள்.

நீங்கள் இடையில் விட நேர்ந்தால் எத்தனை மாத முன்னறிவித்தல் என்பது. அரச உத்தியோகத்தர்கள், இடமாற்றம் வந்தால் ஒரு மாத அறிவித்தலோடு விடலாம் என்று தனி வரி சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு கூடும் என்பது, வீதத்திலோ தொகையிலோ.

கூரை, மோட்டர், வயரிங், மலக்குழி போன்ற பெரிய திருத்தங்கள் யார் பொறுப்பு, நீங்கள் செய்தால் வாடகையில் கழிக்கலாமா என்பது. சோலைவரி வீட்டுக்காரருடையது என்பதையும் எழுதுங்கள்.

சாவி வாங்கும் நாளின் மின்சார, தண்ணீர் மீட்டர் அளவுகள்.

இது இரு பக்கமும் வெட்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எழுத்தில் உள்ள குத்தகை முடிந்த பிறகும் வீட்டை விடாதவர்களிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. காலம் முடிவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே புதுப்பிப்பதா விடுவதா என்று பேசத் தொடங்குங்கள்.

8. சாவி வாங்கும் நாள்

சாமான் இறக்க முதல், வெறும் வீட்டை அறை அறையாகத் தொலைபேசியில் வீடியோ எடுங்கள். சுவர் வெடிப்பு, உடைந்த ஓடு, கறை, பாத்ரூம் பீங்கான், இரண்டு மீட்டர்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். எடுத்ததை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பூட்டுகளை மாற்றுங்கள், முன்பு இருந்தவர்களிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தாங்கியைக் கழுவாமல் அந்தத் தண்ணீரைப் பாவிக்காதீர்கள்.

9. முதல் மாதத்துக்குள்

கிராம உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். ஒப்பந்தப் பிரதியும் எல்லாருடைய அடையாள அட்டையும் கொண்டு போங்கள். பின்னால் வதிவிடச் சான்றிதழ் வேண்டி வரும்போது உங்களை அறியாதவர் தருவதற்கு யோசிப்பார். பழைய இடத்திலிருந்து வந்ததற்கான விவரத்தையும் கேட்பார்கள்.

தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் வாக்காளர் இடாப்புப் பதிவை முதலாவது வேலையாகச் செய்யுங்கள். பாடசாலை அனுமதியில் எத்தனை வருடம் அந்த முகவரியில் பதிவு இருக்கிறது என்பதற்குப் புள்ளி உண்டு. சில வீட்டுக்காரர்கள், பதிந்தால் வீட்டுக்கு உரிமை கோருவார்களோ என்று பயந்து சம்மதிக்க மாட்டார்கள். வாக்காளர் பதிவால் வீட்டில் உரிமை வராது. பிள்ளையின் பாடசாலைக்காக என்று விளக்கிச் சொல்லி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சம்மதம் வாங்குங்கள். பிறகு கேட்டால் இழுபடும்.

10. வீட்டை விடும்போது

முன்னறிவித்தலை எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள், வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். திருப்பித் தருகிற அட்வான்ஸ் என்றால், அறிவித்தல் கொடுக்கும் அன்றே தொகையையும் திகதியையும் நினைவூட்டுங்கள், வீட்டுக்காரருக்கும் காசு திரட்ட நேரம் வேண்டும். தர முடியாது போலத் தெரிந்தால் கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிக் கேட்டு, ஒத்துக்கொண்டதை எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கட்டாமல் நிறுத்திவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

கடைசி நாள் மீட்டர் அளவுகளைப் படம் எடுத்து, அதுவரையிலான மின்சார, தண்ணீர்ப் பில்களைக் கட்டி முடியுங்கள். குடிவந்த நாள் எடுத்த வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பாருங்கள். ஆணித் துளை, மங்கிய வெள்ளைப்பூச்சு, குழாய் வாயில் பிடித்த கறள் எல்லாம் இருந்து பழகிய வீட்டின் தேய்மானம், அதற்கு அட்வான்ஸில் கழிக்க விடாதீர்கள். உடைத்தது இருந்தால் அன்றைக்கே விலை பேசித் தீர்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் எடுத்த ஃபைபர் இணைப்பை முகவரி மாற்றவோ நிறுத்தவோ ஒரு கிழமைக்கு முதலே விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் காலி வீட்டுக்கும் மாதப் பில் வந்துகொண்டிருக்கும்.